சத்தியம் செய்த மூன்றாம் நாள்

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் 14. எங்கள் காலனிப் படிப்பகத்தின் வாசலில் மேடை போட்டிருந்தோம். அண்ணலின் படத்துக்கு மாலை, நீலக்கொடி, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் என்று எல்லாம் வழக்கம்போலத்தான். அந்த ஆண்டு புதிதாக ஒன்றைச் சேர்த்தோம். குடிப்பவர்களை மேடைக்கு அழைத்து, படத்தின் முன் நின்று இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னோம். ஏழு பேர் ஏறினார்கள். கடைசியாக ஏறியவர் ஒப்பந்தக் கூலியாகத் துப்புரவு வேலை பார்த்தவர். வயது 42. காலையில் கண் விழித்ததும் கை நடுங்கும். ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் நின்று பல் துலக்கவே முடியும். பத்து ஆண்டுகளாக அப்படித்தான். அன்று காலை போட்டதோடு சரி என்று மைக்கில் சொன்னார். கைதட்டல் தெருமுனை வரை கேட்டது. அவருடைய மனைவி அழுதார். எங்களுக்கும் கண் கலங்கியது.

அந்தச் சத்தியத்தை அவர் காப்பாற்றினார். அதனால்தான் இறந்தார்.

மறுநாள் வியர்த்துக் கொட்டியது. வாந்தி. கை நடுக்கத்தில் டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. கூட வேலை பார்ப்பவர் ஒருவர் பாவம் பார்த்து ஒரு குவார்ட்டரை நீட்டியிருக்கிறார். "அம்பேத்கர் படத்துக்கு முன்னால சொல்லிட்டேன்டா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நாங்கள் போய்ப் பார்த்தோம். "பொறுத்துக்கோங்கண்ணே, மூணு நாள்தான், அப்புறம் பழகிடும்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அன்று பின்னிரவில் வலிப்பு. வீட்டில் இருந்தவர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். வலிப்பு நின்றது. 17-ஆம் தேதி பேச்சு மாறிவிட்டது. உடம்பில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். மேஸ்திரி கூப்பிடுகிறார் என்று எழுந்து ஓடினார். கட்டிலுக்கு அடியில் குனிந்து, "குழிக்குள்ள ஆள் கிடக்கான், கயிறு போடு, கயிறு போடு" என்று கத்தினார். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று தெருவில் முடிவு செய்தார்கள். வேப்பிலை அடிக்க ஆள் வந்தார். மேடையில் பகுத்தறிவு பேசும் நாங்கள் பக்கத்திலேயேதான் நின்றிருந்தோம். வேறு என்ன செய்வது என்று எங்களுக்கும் தெரியவில்லை.

இரவில் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பாரா?" அண்ணி முந்திக்கொண்டு, "இல்லைங்க சார், விட்டுட்டார்" என்றார். நாங்களும் பெருமையாகத் தலையை ஆட்டினோம். விட்டு நான்கு நாள்கூட ஆகவில்லை என்பதை நாங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. காய்ச்சல் என்று படுக்கையில் போட்டார்கள். விடியற்காலையில் உயிர் போய்விட்டது.

"குடிச்சே செத்தான்" என்று ஊர்த்தெருவில் சொன்னார்கள், நம் தெருவிலும் சொன்னார்கள். இறந்தபோது அவர் குடியைத் தொட்டு மூன்றரை நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

இதை இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு வெட்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. பிறகு மனநல மருத்துவர் ஒருவரிடம் நடந்ததை நாள்வாரியாகச் சொன்னோம். இரண்டாம் நாள் இரவில் வலிப்பு என்றதுமே அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அன்று அவர் சொன்னதும், அதன்பின் நாங்கள் தேடிப் படித்ததும்தான் இனி வருவது. நம் தெருக்களில் இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தோலும் தீயும்

பறை அடிப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. ஈரக் காற்றில் தோல் தளர்ந்து ஓசை மங்கிவிடும். தீயில் காட்டி இறுக்குவோம். மூளையும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்கிறது. மூளையில் நரம்புகளின் வேகத்தை அடக்கும் வேதிப்பொருள் ஒன்று உண்டு, காபா என்று பெயர். வேகத்தைக் கூட்டுவது குளூட்டமேட். சாராயம் உள்ளே போனதும் அடக்கும் பக்கத்தைத் தூக்கிவிட்டு, கூட்டும் பக்கத்தை அமுக்கிவிடுகிறது. நாக்கு குழறுவதும், பயம் போவதும், தூக்கம் வருவதும் அதனால்தான். தோலில் ஈரம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு நாள் ஈரம் ஏறினால் மறுநாள் காய்ந்துவிடும். நாள்தோறும் ஏறினால் மூளை சும்மா இருப்பதில்லை, தீயைக் கூட்டுகிறது. தன் காபாவின் பிடியைத் தளர்த்தி, குளூட்டமேட்டின் கதவுகளைப் பெருக்கிக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி ஈரமும் தீயும் சமமாக ஓடுகின்றன. அதனால்தான் பழகியவர் ஒரு முழு பாட்டிலைக் குடித்துவிட்டும் தள்ளாடாமல் நடக்கிறார். 'ஸ்டெடியான ஆளு' என்று நம் தெருவில் பெருமையாகச் சொல்வார்கள். அது உடம்பு வலுவின் அடையாளம் கிடையாது. தீ எவ்வளவு மூண்டிருக்கிறது என்பதன் அளவு.

திடீரென்று ஒரு நாள் ஈரத்தை நிறுத்தினால் என்ன ஆகும்? தீ அப்படியே எரிகிறது. தோல் கிழிகிறது.

கடைசிக் குடிக்குப் பின் ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். இரண்டாம் நாள் முடிவிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலிக்கும். இல்லாத பூச்சி தெரியும், இல்லாத குரல் கேட்கும். தாம் செய்துவந்த வேலையையே வெறுங்கையில் செய்துகொண்டிருப்பார்கள். காய்ச்சலும் ரத்த அழுத்தமும் ஏறி இதயம் தாறுமாறாகத் துடிக்கும். இதற்கு 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்று பெயர். நடுக்கச் சன்னி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கவனிக்காமல் விட்டால் உயிரைப் பறிக்கும். சரியான நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள். டயஸிபாம், லோராஸிபாம், குளோர்டயஸிபாக்சைடு என்ற மருந்துகளில் ஒன்றைக் கொடுத்து, விட்டுப்போன காபாவின் இடத்தை நிரப்பி, ஒரு வாரம் பத்து நாளில் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவார்கள். தீயைப் படிப்படியாகத் தணிப்பது என்பது இதுதான். அரிதான மருந்துகள் இல்லை. ஆனால் அவையும் அடிமைப்படுத்தக் கூடியவை. மருத்துவர் இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கிப் போடுவது இன்னொரு குழி.

வைட்டமின் பி1, அதாவது தயமின், ஊசியைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். வெறும் வயிற்றில் குடித்துக் குடித்து உடம்பில் இது வற்றிப்போயிருக்கும். வற்றினால் மூளையின் சில பகுதிகள் பழுதாகின்றன: கருவிழி நிலையாக நிற்காது, கால் அகட்டித் தள்ளாடும், குழப்பம் வரும். இந்த நிலையில் தயமின் போடாமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இருப்பதும் தீர்ந்துவிடும். 'தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் போடுங்க' என்று நாமே போய்க் கேட்கும் பழக்கம் உண்டல்லவா, அது இங்கே ஆபத்து. தயமினைத் தவறவிட்டவர்களில் சிலருக்கு நினைவு நிரந்தரமாகப் போய்விடுகிறது. காலையில் கஞ்சி குடித்ததை மறந்துவிட்டு, போகாத கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டேன் என்று சொல்வார்கள். பொய் சொல்கிறான் என்று வீட்டில் அடிப்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை. விடுபட்ட இடத்தை மூளை தானாகவே நிரப்பிக்கொள்கிறது.

எல்லோருக்கும் இப்படி ஆகாது. அன்று சத்தியம் செய்த ஏழு பேரில் ஒருவர் சிரமமே இல்லாமல் விட்டுவிட்டார். கூலி வாங்கும் நாளில் மட்டும் குடித்தவர் அவர். ஐந்து பேர் நடுக்கம் தாங்காமல் இரண்டாம் நாளே கடைக்குப் போய்விட்டார்கள். கொள்கைப் பிடிப்பு இல்லாதவர்கள் என்று அவர்களை நாங்கள் திட்டினோம். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

ஏன் திரும்பப் போகிறார்கள்

நடுக்கம் தீர்ந்தபின், உடம்பு தேறி மாதக்கணக்கான பின்னும் ஒருவர் ஏன் திரும்பக் கடைக்குப் போகிறார்? வீட்டுப் பெண்கள் கேட்பது இதைத்தான். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாரே, பாசம் இல்லையா?

பசியில் சோறு கிடைத்தால், பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால், மூளையின் ஆழத்தில் டோபமின் என்ற பொருள் கொஞ்சம் சுரக்கிறது. 'இது நல்லது, திரும்பச் செய்' என்று குறித்து வைப்பது அதன் வேலை. சாராயம், கஞ்சா, பீடி, வாயில் ஒதுக்கும் புகையிலை, நரம்பில் ஏற்றும் மாத்திரை எதுவானாலும் வழி வேறு வேறு. சேருமிடம் இதுதான். சோறும் பிள்ளையும் தர முடியாத அளவுக்கு இங்கே டோபமினைக் கொட்ட வைக்கின்றன. வெள்ளம் வந்தால் மதகை அடைப்பது போல, மூளை அதைப் பெறும் வாசல்களைக் குறைத்துக்கொள்கிறது. அதன்பின் சோறு ருசிப்பதில்லை. பிள்ளையின் சிரிப்பு எட்டுவதில்லை. குடித்தாலும் பழைய சந்தோஷம் வருவதில்லை. தேடல் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. பொறு, வேண்டாம், நாளைய பால் காசு அது என்று சொல்ல வேண்டிய நெற்றிப் பக்கத்து மூளையும் இதற்குள் வலுவிழந்துவிடுகிறது. கடை இருக்கும் தெரு, கூட்டாளியின் வண்டிச் சத்தம், சனிக்கிழமைக் கூலி கைக்கு வரும் நேரம் எல்லாம் நினைவில் முள்ளாகத் தைத்திருக்கும். கால் தானாகத் திரும்பும். பாசம் இல்லாமல் போகவில்லை. பாசம் வேலை செய்யும் இடத்தைத்தான் வேறொன்று பிடித்துக்கொண்டிருக்கிறது.

இது மாறக்கூடியது. மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும், மூளை பெருமளவு தேறும். சறுக்கி விழுவதும் இந்த நோயின் போக்கில் உள்ளதே. சர்க்கரை நோயாளிக்கு ஒரு மாதம் சர்க்கரை ஏறிவிட்டால் அவரை யாரும் துரோகி என்று சொல்வதில்லை.

கள்ளுக்கடையில் பிறந்தவர்களா நாம்?

இந்தப் பத்தியை வாசிக்கும் சிலர் இப்போதே சொல்லத் தொடங்கியிருப்பார்கள்: 'அவங்க ஆளுங்களுக்குக் குடி ரத்தத்துலயே உண்டு.' டீக்கடையில், அலுவலகத்தில், பள்ளிக்கூட ஆசிரியர் அறையில்கூடக் கேட்டிருக்கிறோம். அடிமையாகும் வாய்ப்பில் மரபணுவுக்கும் பங்கு உண்டுதான். குடும்பத்துக்குக் குடும்பம் அது மாறும். சாதிக்கு என்று ஒரு மரபணு எங்கும் கிடையாது. தொழிலதிபர் குடும்பத்தில் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். குடியை நோயாகப் பார்க்கத் தமிழ்நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். அங்கே வந்தால் நோய், நம் தெருவில் வந்தால் குணம் என்று ஆனது எப்படி?

நம் மக்கள் கையில் கிளாஸைக் கொடுத்தது யார் என்று பார்க்க வேண்டும். சாவு வீட்டில் விடிய விடியப் பறை அடிப்பவருக்குக் கூலியில் பாதி சாராயமாகவே தரப்பட்டது. பிணவறையில் அறுப்பவருக்கு முதலில் பாட்டில், பிறகு கத்தி. மலக்குழியில் இறங்குபவருக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறார்கள். நிதானத்தோடு எவராலும் இறங்க முடியாத இடம் அது. அந்த வேலையையும் அதற்குத் தேவையான மயக்கத்தையும் சேர்த்தே நமக்கு ஒதுக்கியது சாதி. தொடர்ந்த அவமானம், அச்சம், உடல்வலி, தூக்கமின்மை எல்லாம் ஒருவர் அடிமையாகும் வாய்ப்பைக் கூட்டும் என்று மருத்துவம் ஒப்புக்கொள்கிறது. நம்மில் யாருக்கு இந்த நான்கும் இல்லை?

குழிக்குள் இருக்கும் விஷவாயுவுக்கு ஒரு சூது உண்டு. ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மோப்ப நரம்பே மரத்து, நாற்றம் நின்றுவிடும். நாற்றம் போய்விட்டது என்று இறங்குபவர் சில மூச்சிலேயே விழுவார். குடித்தவருக்கு அந்த முதல் எச்சரிக்கையும் எட்டாது, விழுந்தவரைத் தூக்க மேலே நிற்பவரின் கையும் தாமதிக்கும். மனிதர்களை இதில் இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கச் சொன்னது, 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 'அவர் குடித்திருந்தார்' என்ற ஒரு வரியைச் சொல்லிப் பழியை இறந்தவர் மேலேயே போட்டுவிடுவது இன்னும் நடக்கிறது. குடிக்காமல் யார் இறங்குவார்கள்?

அரசின் கதை ஊரறிந்தது. 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு வந்தது, 1971-இல் தளர்ந்தது, 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே போனது. 2023-24-இல் மட்டும் அதன் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். இத்தனைக்கும் நடுவில், 2019-இல் மத்திய சமூக நீதித் துறை எய்ம்ஸ் மருத்துவமனையைக் கொண்டு செய்து வெளியிட்ட ஆய்வில், நாட்டில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். அந்த ஒருவர் எந்தத் தெருக்காரராக இருப்பார் என்று நாம் ஊகிக்கலாம்.

மெத்தனால்

2023 மே மாதம் நம் மாவட்டத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், அதே நாட்களில் செங்கல்பட்டுப் பக்கத்திலும் சேர்த்து 20 பேருக்கு மேல் மாண்டார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். இறந்தவர்கள் 65 பேருக்கும் மேல். பெரும்பாலும் நம்மவர்கள், கூலிகள், பெண்களும் உண்டு. 10 லட்சம் இழப்பீடா என்று அப்போது நாடெங்கும் பேசினார்கள். அந்தச் சாராயத்தில் இருந்தது என்ன, அது உடம்பில் என்ன செய்கிறது என்று நம் தெருக்களில் வந்து பேசியவர்கள் குறைவு.

அது மெத்தனால். தொழிற்சாலைச் சரக்கு. மணத்தாலோ ருசியாலோ கண்டுபிடிக்க முடியாது. குடித்ததும் சாதாரணப் போதைபோலத்தான் இருக்கும். கல்லீரல் அதை உடைக்கும்போதுதான் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம். அது உயிரணுக்களை மூச்சுவிடாமல் செய்கிறது, முதலில் அடிபடுவது கண் நரம்பு. பனி மூட்டம்போல் தெரிகிறது என்பார்கள். வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு. இதெல்லாம் பல மணி நேரம் கழித்து, சிலருக்கு ஒரு நாள் கழித்துக்கூட வரும். அதனால் 'நேற்று குடித்தேன், நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று வீட்டிலேயே படுத்துவிடுகிறார்கள். முறிமருந்து உண்டு, ஃபொமிபிசோல். அது இல்லாத இடத்தில் மருத்துவமனையில் அளந்து கொடுக்கும் எத்தனாலும் உதவும். டயாலிசிஸ் செய்து விஷத்தை வெளியேற்றுவார்கள். நேரத்தோடு போனால் கண்ணும் உயிரும் பிழைக்கும். ஒரே இடத்தில் குடித்த ஒருவருக்குப் பார்வை மங்கினாலே, நன்றாக இருக்கும் மற்றவர்களையும் அள்ளிக்கொண்டு போக வேண்டும். போலீஸ் கேஸ் ஆகுமே என்ற பயத்தில் கழியும் இரண்டு மணி நேரம்தான் சாவு.

தெரியாமல் கலந்து கொடுப்பது

பேருந்து நிலையச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள்: 'அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்.' நம் அக்காமார்கள் நகையை அடகு வைத்து அந்தப் பொடியை வாங்கிக் குழம்பில் கலக்கிறார்கள். குற்றம் சொல்ல மனம் வரவில்லை, அடி வாங்கிய கை அது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரையை இப்படி ரகசியமாகக் கொடுப்பதும் நடக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் சாராயம் பாதி உடைந்த நிலையில் உடம்பில் தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிரே போகலாம். மருத்துவர் இதைக் கொடுப்பதானால் நோயாளிக்குச் சொல்லித்தான் கொடுப்பார். தேடலைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் உள்ளன.

இளைஞர்களின் மாத்திரைக் கதை தனியே எழுத வேண்டியது. வலிக்குத் தரும் டேபென்டடாலைக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். இந்த வகை மருந்து மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் இடத்தை மந்தமாக்கும். சாராயத்தோடு சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். குறட்டை விடுகிறான் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டு வராதீர்கள். எழுப்பினால் எழாவிட்டால் உடனே 108.

எங்கள் படிப்பகத்தில் இப்போது சத்தியம் வாங்குவதில்லை. கோயிலில் கயிறு கட்டப் போகிறேன், மாலை போடப் போகிறேன் என்று யாராவது வந்தாலும் தடுப்பதில்லை. அதற்கு முன் மூன்று கேள்வி கேட்கிறோம்: காலையில் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, புத்தி தடுமாறியதா? நாள்தோறும் எவ்வளவு, எத்தனை ஆண்டாக? முதல் இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும், பல ஆண்டாக நாள்தோறும் குடிப்பவர் என்றாலும், முதலில் மருத்துவமனை, பிறகுதான் கயிறு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. 'கலங்கரை' என்ற பெயரில் அரசு போதை மீட்பு மையங்களும் திறக்கப்பட்டுள்ளன. 14446 என்ற எண்ணில் கட்டணம் இல்லாமல் ஆலோசனை கேட்கலாம். போலீஸ் பிடித்துப்போனவர் நாள்தோறும் குடிப்பவராக இருந்தால் நிலையத்தில் அதைச் சொல்லி, மருத்துவப் பரிசோதனைக் குறிப்பில் எழுத வைக்க வேண்டும். நடுக்கச் சன்னி லாக்கப்பிலும் வரும். அங்கே அதற்குக் கிடைக்கும் சிகிச்சை லத்திதான்.

வட்ட மருத்துவமனை வரை தயமின் ஊசியும், நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும், இரவில் அதைக் கொடுக்கத் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதியிருக்கிறோம். காலனி காலனியாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். அண்ணி இப்போது அவர் பார்த்த அதே வேலையைப் பார்க்கிறார். கையெழுத்து வாங்கவும் வேலை முடிந்ததும் வந்துவிடுகிறார்.

இரண்டு மாதத்துக்கு முன் அவருடன் வேலை பார்க்கும் ஒருவரை அழைத்துப் போனோம். அண்ணியும் வந்தார். பணியில் இருந்த மருத்துவர் கேட்டார், "குடிப்பாரா?"

"பன்னெண்டு வருஷமா குடிக்கிறாருங்க. தினம் ரெண்டு குவார்ட்டரு. காலையிலயும் உண்டு. கடைசியா குடிச்சது நேத்து ராத்திரி ஒம்பது மணிக்கு. போன தை மாசம் நிறுத்துனப்ப ஒரு தடவ வலிப்பு வந்துச்சு. குளுக்கோஸ் போடறதுன்னா மொதல்ல பி1 ஊசி போட்டுடுங்க சார்" என்று அண்ணி ஒரே மூச்சில் சொன்னார். மருத்துவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் அவர் வீட்டுக்கு வந்தார். நடுவில் ஒரு சனிக்கிழமை சறுக்கினார். மறுபடியும் அழைத்துப் போனோம்.